மூச்ச விடுங்க டீச்சர்!



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் 'இது பொம்பளைகள்ற விஷயம்' என்று ஆண்கள் கடந்து போகவும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு உம்மா, ஒரு மனைவி, ஒரு ராத்தா இருந்தால் இது உங்களுக்கும்தான்.

நாங்கள் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் ஐந்து பேர். ஒருவர் ஃபோனில் எழுத, மற்ற நால்வரும் பக்கத்தில் இருந்து 'அத வெட்டுங்க, இதப் போடுங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஏன் 'நாங்கள்' என்று எழுதுகிறோம் என்பது கொஞ்சம் கீழே போனால் விளங்கும்.

இடைவேளைக்கு எங்கள் ஆசிரியர் அறைக்குள் வந்தால் தேத்தண்ணி வாசத்துக்கு முன்னால் தைல வாசம்தான் வரும். ஒருவருக்கு நாரி நோவு. ஒருவருக்குக் கழுத்து. ஒருவருக்கு முழங்கால். ஆரம்பப் பிரிவில் இருப்பவர்கள் நாள் முழுக்கச் சின்ன மேசைகளுக்குக் குனிந்து குனிந்து, பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைத்துவிட்டு நிமிரும்போது 'யா அல்லாஹ்' என்று ஒரு சத்தம் வரும். மேல் வகுப்புக்காரர்கள் ஏழரையிலிருந்து ஒன்றரை வரை நின்ற காலோடு நிற்பார்கள். பிறகு பஸ்ஸிலும் நின்றுகொண்டே வீட்டுக்கு. வீட்டில் குசினி, பிள்ளைகள், திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு.

கலாசாலையில் நாங்கள் பிள்ளை உளவியல் படித்தோம். பாடக்குறிப்பு எழுதப் பழகினோம். கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முழுதாக முதுகு காட்டக் கூடாது என்றுகூடப் படித்தோம். ஆனால் அந்த முதுகை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 'வேலைக்குப் போற பொம்பளைக்கு நோவு இல்லாம இருக்குமா?' என்று ஒரு வசனம் எங்கள் உம்மாமாரிடமிருந்து வந்திருந்தது. அதையே சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

சென்ற வருட நோன்பில்தான் கதை மாறியது.

எங்களில் ஒருவர் தராவீஹ் தொழுகைக்கு வருவதை நிறுத்தினார். முதல் இரண்டு நாளும் வந்தார், பிறகு காணவில்லை. கேட்டால், 'சின்னவன் அழுகிறான்' என்றார். அடுத்த நாள் 'தலையிடி' என்றார். பத்தாம் நோன்பு தாண்டியும் வரவில்லை. அவரை எங்களுக்குத் தெரியும். சின்னவன் அழுதால் அவனையும் தூக்கிக்கொண்டு வருகிற ஆள்.

ஒரு நாள் ஆசிரியர் அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொன்னார். இருமினால், தும்மினால், ஸுஜூதிலிருந்து எழும்பினால் சிறுநீர் கசிகிறது. கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. வுழு முறிகிறது, திரும்ப எடுக்கிறார், திரும்ப முறிகிறது. எல்லோருக்கும் நடுவில் இருந்து எத்தனை தடவை எழும்பிப் போவது? அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான்கு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. கணவருக்கும் தெரியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: 'எனக்கும்தான் டீச்சர்.'

பிறகு ஐந்து பேரும் இருந்து பேசினோம். எண்ணிப் பார்த்தால் மூன்று பேர். ஐந்தில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்துகொண்டு, ஒரே கதையை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, வருடக்கணக்காகத் தேத்தண்ணி குடித்திருக்கிறோம்.

அந்த மூன்று பேரும் யார் என்று கேட்காதீர்கள். நாங்கள் 'நாங்கள்' என்று எழுதுவதே அதற்காகத்தான். வெட்கம் என்றால் ஐந்து பேருக்கும் சேர்ந்தே இருக்கட்டும்.

பெருநாளுக்குப் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் பெண்தான். பயந்தது போல ஒன்றும் இல்லை. சிறுநீரைப் பரிசோதித்தார், கிருமித் தொற்று இல்லை என்று பார்த்தார், பிறகு பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார். அங்கே இருந்த தங்கச்சி ஒரு படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். இடுப்பு எலும்புக்கு அடியில், ஏணைச் சீலை கட்டின மாதிரி ஒரு தசைத் தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். கர்ப்பத்தின் பாரத்திலும் பிள்ளைப்பேற்றிலும் அந்தச் சீலை தளர்ந்து போகும். இருமும்போது வயிற்றுக்குள் அமுக்கம் கூடும். சீலை தாங்காவிட்டால் கசியும். இது வருத்தம்தான், ஆனால் பயிற்சியால் பெரும்பாலும் குறைக்கக்கூடிய வருத்தம்.

முதலில் அந்தத் தசையை மட்டும் சுருக்கி, மேலே தூக்கி, விடும் பயிற்சி. 1948இலேயே ஆர்னோல்ட் கெகெல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய பெயரில்தான் இன்றும் கெகெல் பயிற்சி என்கிறார்கள். அதை ஒழுங்காகச் செய்ய வந்த பிறகு, 'பிலாட்டீஸ் மாதிரி மெதுவான பாய்ப் பயிற்சிகளையும் சேர்க்கலாம், நாரி நோவு இருக்கிற மற்ற டீச்சர்மாருக்கும் நல்லது' என்றார் அந்தத் தங்கச்சி.

பிலாட்டீஸ்! எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லை நாங்கள் கண்டது நடிகைமார்களின் இன்ஸ்டாகிராமில். கொழும்பில் கண்ணாடிச் சுவர் வைத்த இடத்தில், கட்டில் மாதிரி ஒரு மெஷினில், மெலிந்த பெண்கள் கால் தூக்குவது. 'இதெல்லாம் நமக்கு ஏலுமா டீச்சர்?' என்று எங்களில் மூத்தவர் கேட்டார். இன்னொருவரின் கணவர், 'அது என்ன, ஏதாவது மதத்து வழிபாட்டோட சேர்ந்ததா, பாத்துச் செய்ங்க' என்றாராம். கேள்வி நியாயமானது. ஆசிரியர்கள் என்றால் தேடிப் படிக்க வேண்டும்தானே. தேடினோம்.

பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ், 1883இல் ஜேர்மனியில் மொன்சன்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பை வளைக்கும் ரிக்கட்ஸ், மூட்டுக் காய்ச்சல் என்று நோயாளிப் பிள்ளையாக இருந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் ஜிம்னாஸ்டிக், குத்துச்சண்டை என்று பலதையும் பழகியிருக்கிறார். முதலாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னர் இங்கிலாந்துக்குப் போனார். போர் தொடங்கியதும் 'எதிரி நாட்டுக்காரன்' என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். மான் தீவில் இருந்த நொக்கலோ முகாமில் ஆயிரக்கணக்கானவர்களோடு போர் முடியும் வரை இருந்தார். அங்கேதான் கூட இருந்த கைதிகளுக்குத் தன் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எழும்ப முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் கம்பிகளைப் பூட்டி, படுத்தபடியே கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தார், பிறகு வந்த மெஷின்களுக்கு அதுதான் தொடக்கம் என்றொரு கதையும் உண்டு.

1926இல் அமெரிக்காவுக்குப் போய், மனைவி கிளாராவோடு நியூயோர்க்கில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். தன் முறைக்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. 'கொன்ட்ரோலஜி' என்றுதான் சொன்னார், கட்டுப்பாட்டுக் கலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1945இல் எழுதிய புத்தகத்தில் 34 பயிற்சிகளைப் படத்தோடு கொடுத்திருக்கிறார். அந்த 34க்கும் மெஷின் தேவையில்லை. ஒரு பாய் போதும். 1967இல் காலமானார்.

இதில் மந்திரமும் இல்லை, வணக்கமும் இல்லை. நோயாளிப் பிள்ளையாக இருந்த ஒரு மனிதர் அடைபட்ட முகாமில் வளர்த்தெடுத்த உடற்பயிற்சி. இதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு மனம் ஒப்பியது. அந்தக் கணவரும் வாசித்துவிட்டு, 'அப்ப செய்ங்க' என்றார்.

கிழமைக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு, எங்களில் ஒருவரின் வீட்டு ஹோல். ஐந்து பன்பாய். கதவைச் சாத்தி, அபாயாவைக் கொழுவிவிட்டு, பழைய சல்வார் உடுத்துக்கொண்டு. பயிற்றுவிப்பாளர் யாரும் இல்லை, யூடியூப்தான்.

முதல் கிழமையே பிழைத்தது. இந்தப் பயிற்சியில் மிகப் பிரபலமான 'ஹண்ட்ரட்' என்பதைத்தான் நாங்களும் முதலில் தொடங்கினோம். மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் நூறு தடவை அசைப்பது. ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் வரை விட வேண்டும். எண்ணுவதற்கு தரம் மூன்றில் படிக்கும் அந்த வீட்டு மகனை வைத்தோம். நூறு வரை எண்ணினால் டொஃபி என்று சொல்லியிருந்தோம். அவன் டொஃபிக்காக ரயில் வேகத்தில் எண்ணினான், நாங்களும் அவன் வேகத்துக்குக் கையை ஆட்டினோம். மூச்சைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை. அடுத்த நாள் மூன்று பேருக்குக் கழுத்துத் திரும்பவில்லை. கசிவு இருந்தவருக்கு இன்னும் கூடியது.

பிசியோதெரபித் தங்கச்சியிடம் போய்ச் சொன்னோம். நாங்கள் பிள்ளைகளுக்கு ஏசுவது மாதிரி எங்களுக்கு ஏசினார். 'டீச்சர், அ எழுதத் தெரியாத பிள்ளைக்குக் கட்டுரை எழுதக் குடுப்பீங்களா?' என்று கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு வயிற்றை முறுக்கினால் அமுக்கம் முழுக்கக் கீழேதான் போகும், தளர்ந்த சீலை இன்னும் தளரும் என்றார். முதலில் அடிப்படையைப் படியுங்கள், ஹண்ட்ரட் எல்லாம் பிறகு என்றார்.

அந்த அடிப்படைகளைத்தான் இங்கே எழுத வந்தோம். ஆறு என்று சொல்வார்கள். ஜோசப் பிலாட்டீஸ் இவற்றை ஆறாக எண்ணி வைக்கவில்லை. அவருக்குப் பிறகு 1980இல் பிலிப் ஃபிரீட்மன், கேல் ஐசன் என்ற இருவர் எழுதிய புத்தகத்தில்தான் இந்த ஆறும் வரிசையாக வந்தன. ஆனால் அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

ஒன்று, மூச்சு. இதை நாங்கள் கடைசி என்று நினைத்தோம், உண்மையில் முதலாவது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் மேலே ஏறக் கூடாது. மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக, முழுதாக விட வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் பிரிமென்றகடு என்று படிப்பிக்கிறோமே, அது மூச்சை இழுக்கும்போது கீழே இறங்கும். அதோடு சேர்ந்து அந்த ஏணைச் சீலையும் கொஞ்சம் இறங்கும். மூச்சை விடும்போது இரண்டும் மேலே ஏறும். அதனால்தான் பாரமான வேலையை மூச்சை விடும் நேரத்தில் செய்யச் சொல்கிறார்கள். நாங்கள் வாழ்க்கை முழுக்க இதற்கு எதிராகத்தான் செய்திருக்கிறோம். கொப்பிக் கட்டைத் தூக்கும்போதும், தண்ணி வாளியைத் தூக்கும்போதும், பிள்ளையைத் தூக்கும்போதும் 'ம்ம்' என்று மூச்சை அடக்கிக்கொண்டு.

இரண்டு, மையம். எந்த அசைவும் உடம்பின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். வயிறு, நாரி, இடுப்பு, பிட்டம் சேர்ந்த பகுதி அது. வயிற்றின் ஆழத்தில் அகலமான பட்டி கட்டின மாதிரி சுற்றிவர ஒரு தசை இருக்கிறது. மேலே பிரிமென்றகடு, கீழே ஏணைச் சீலை, பின்னால் முள்ளந்தண்டைப் பிடித்திருக்கும் சின்னத் தசைகள். இந்த நான்கும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி. பெட்டி பலமாக இருந்தால் நாரிக்குப் பாரம் குறையும். வயிற்றை உள்ளே இழுத்துக் கல்லாக்குவது என்று இதை விளங்கிக்கொள்ள வேண்டாம். அது நாங்கள் விட்ட பிழை. மெதுவாக, பத்தில் மூன்று பங்கு பலம் போதும்.

மூன்று, கவனம். பயிற்சி செய்யும்போது மனம் அந்த அசைவில் இருக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்தால் கதை வரும், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன ஆக்குவது என்று யோசனை வரும். ஆரம்பத்தில் எங்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளைக் கவனிக்கிற எங்களுக்கு, எங்கள் இடது காலைப் பத்து நிமிடம் கவனிக்க முடியவில்லை.

நான்கு, கட்டுப்பாடு. கொன்ட்ரோலஜி என்று அவர் பெயர் வைத்ததே இதற்காகத்தான். காலைத் தூக்குவது எல்லோருக்கும் ஏலும். தொப்பென்று போடாமல், தூக்கின அதே வேகத்தில் இறக்குவதுதான் பயிற்சி. பாதி வேலை இறக்கும்போதுதான் நடக்கிறது.

ஐந்து, துல்லியம். இது எங்களுக்கு உடனே விளங்கியது. தரம் ஒன்றுப் பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்கும்போது பக்கம் நிறைய எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? முதல் வரி அழகாக இருக்கும், கடைசி வரியில் அது 'அ'வா 'சு'வா என்று தெரியாது. பிழையாக ஐம்பது தடவை எழுதினால் பிழை நன்றாகப் பழகிவிடும். சரியாக ஐந்து எழுதினால் போதும். பிலாட்டீஸில் ஒரு பயிற்சியைப் பெரும்பாலும் பத்துத் தடவைக்குள் நிறுத்திவிடுவது இதனால்தான். வியர்வையை எண்ணுவதில்லை.

ஆறு, ஓட்டம். ஓர் அசைவு முடிந்து அடுத்தது திடுக்கென்று தொடங்காமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணி ஓடுகிற மாதிரிப் போவது. முதல் ஐந்தும் வந்தால்தான் இது வரும். எங்களில் இருவருக்கு இன்னும் வரவில்லை. வந்தபோது வரட்டும்.

இனி, 'செய்து பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது?' என்று கேட்பவர்களுக்கு. நாங்கள் முதல் இரண்டு மாதமும் செய்தது நான்கே நான்கு விஷயம்தான். கட்டிலில் அல்ல, தரையில் பாய் போட்டு மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்து, பாதங்களைத் தரையில் இடுப்பளவு அகலத்தில் வையுங்கள்.

முதலாவது, கைகளை விலாவில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன மூச்சு. எட்டுத் தடவை. விடும்போது கீழ் வயிறும் ஏணைச் சீலையும் மெதுவாக மேலே ஏறுவதாக நினைத்துச் செய்யுங்கள். கீழே முக்கக் கூடாது. பலர் விடும் பிழை அதுதான்.

இரண்டாவது, மூச்சை விட்டுக்கொண்டே நாரியைப் பாயில் மெதுவாகப் பதித்து, இழுக்கும்போது பழைய இடத்துக்குக் கொண்டு வருவது.

மூன்றாவது, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது. முள்ளந்தண்டு தஸ்பீஹ் மணிகள் மாதிரி ஒவ்வொன்றாகப் பாயை விட்டு எழும்ப வேண்டும், இறங்கும்போதும் ஒவ்வொன்றாக.

நான்காவது, இடுப்பு அசையாமல், மூச்சை விட்டுக்கொண்டே ஒரு குதிகாலைப் பாயில் தள்ளிக் காலை நீட்டி, இழுத்து மடிப்பது. பிறகு மற்றக் கால். பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், இடுப்பை அசைக்காமல் செய்து பாருங்கள், விளங்கும்.

மொத்தம் பதினைந்து நிமிடம். செலவு ஒரு சதமும் இல்லை.

கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஆசிரியைகள், வைத்தியர்கள் அல்ல. கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், சிசேரியன் செய்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், பிரஷர் கூடியவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். கசிவோடு எரிவு, காய்ச்சல், இரத்தம் இருந்தால் பயிற்சி வேண்டாம், கிளினிக் போங்கள். நாரி நோவோடு திடீரெனக் கால் மரத்துப் போனால், அல்லது மலம் சலம் போவது தெரியாமல் போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது வேறு விஷயம்.

இன்னொன்று. பிலாட்டீஸ் எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2015இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, நாரி நோவுக்குப் பிலாட்டீஸ் உதவுமா என்று 10 ஆய்வுகளை, 510 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நோவு குறைகிறது என்றுதான் தெரிந்தது. ஆனால் மற்றப் பயிற்சிகளைவிட இது மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதாவது, நடப்பவர் நடக்கலாம், நீந்துபவர் நீந்தலாம். கசிவுக்கும் முதல் மருந்து கெகெல் பயிற்சிதான், பிலாட்டீஸ் அதற்குத் துணை. எங்களுக்கு இது பொருந்தியது, ஏனென்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாயில் செய்யலாம். அவ்வளவுதான்.

எங்களுக்கு என்ன மாறியது என்று கேட்டால், மெலியவில்லை. ஒருவர் இரண்டு கிலோ கூடிவிட்டார், பயிற்சி முடிந்து சாப்பிடும் வட்டலப்பத்தின் புண்ணியம். முழங்கால் நோவுக்காரருக்கு நோவு இன்னும் இருக்கிறது. நாரி நோவுக்காரருக்கு நன்றாகக் குறைந்தது. கசிவு இருந்த மூவரில் ஒருவருக்கு நின்றுவிட்டது, ஒருவருக்குக் குறைந்தது, ஒருவர் இன்னும் கிளினிக் போய் வருகிறார். வேறு சிகிச்சையும் இருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

பெரிய மாற்றம் வேறு. ஆசிரியர் அறையில் யாராவது கொப்பிக் கட்டைத் தூக்கக் குனிந்தால், மற்ற நான்கு பேரும் ஒரே குரலில், 'மூச்ச விடுங்க டீச்சர்!' என்கிறோம். ஸேர்மாருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதிபர் ஒரு நாள், 'ஏன் இவங்கட மூச்ச நீங்க எல்லாரும் சேந்து விடச் சொல்றீங்க?' என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தோம். இந்தப் பதிவை வாசித்தால் அவருக்கும் விளங்கும்.

எங்கள் உம்மாமாரை இப்போது நினைக்கிறோம். கலியாண வீட்டில் கதிரையை விட்டு எழும்ப யோசிக்கிற உம்மாமார். தூரப் பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணி குடிப்பதைக் குறைக்கிற உம்மாமார். சத்தமாகச் சிரிக்கும்போது காலைப் பின்னிக்கொள்கிற உம்மாமார். அடக்கம் என்று நினைத்திருந்தோம். எங்களில் ஒருவர் போன மாதம் தன் உம்மாவிடம் கேட்டுவிட்டார். உம்மா முதலில் ஏசினார். பிறகு, 'முப்பது வருஷம் மகள்' என்றார். அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக நாள் எடுத்திருக்கிறோம்.

கசிவு உள்ளவர்கள் தொழுகை, வுழு பற்றி மனம் குழம்பி வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம். அப்படியானவர்களுக்கு மார்க்கத்தில் இலகு இருக்கிறது, தெரிந்த மௌலவியிடமோ ஆலிமாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடைய டீச்சருக்கும் அதை முதலிலேயே கேட்கத் தைரியம் வந்திருந்தால் அந்த நோன்பு வீணாகக் கண்ணீரில் போயிருக்காது.

இந்த வருட நோன்பில் அவர் தராவீஹுக்கு வந்தார். முதல் நாள் கடைசி ஸப்பில், கதவுக்குப் பக்கத்தில் நின்றார், எழும்பிப் போக வேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று. எங்களுக்குத் தொழுகையில் நெஞ்சு அவரோடுதான் இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து ஒருவரின் கையை இறுக்கிப் பிடித்தார். இருட்டில் முகம் தெரியவில்லை.

'நடுவுல ரெண்டு தரம் தும்மினேன் டீச்சர்' என்றார். 'ஒண்டும் ஆகல்ல.'

அல்ஹம்துலில்லாஹ்.

இதே கஷ்டம் உள்ளவர்கள் கொமண்டில் எழுத வேண்டாம், இன்பொக்ஸில் வாருங்கள். ஐந்து பேரில் யாராவது பதில் போடுவோம். யார் போட்டது என்று உங்களுக்கும் தெரியாது, நீங்கள் யார் என்று நாங்களும் வெளியில் சொல்ல மாட்டோம். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.